கரியும் ஒளிரும்

பனமலைக் குன்றின் மேல் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீஸ்வரர் கோயிலைக் காணச் சென்றிருந்தோம். விளக்கு மாடத்துக் கரி எங்கள் விரல்களில் ஒட்டியது. “கரியும் ஒளிரும், பிள்ளைகளே!” என்றார் எங்கள் அறிவியல் சிஸ்டர். நாங்கள் நகைத்தோம்.

2007ஆம் ஆண்டில் மெழுகுவர்த்திப் புகைக்கரியை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, ஒளிரும் கார்பன் நுண்துகள்களை அறிஞர்கள் பெற்றார்களாம். அமிலம் துகளின் மேற்பரப்பை மாற்றிய பின்னரே, புற ஊதாக் கதிர் பட்டதும் அது நிறம் காட்டுமாம்.

அமிலம் எங்களுக்கு ஆகாது. ஆகவே, பள்ளி திரும்பியதும் சர்க்கரைப் பாகை இளந்தீயில் பழுப்பாகும்வரை காய்ச்சி, நீரில் கரைத்து, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் விளக்கின்கீழ் வைத்தோம். மங்கலான நீலப்பச்சை ஒளி! காய்ச்சாத சர்க்கரை நீர் ஒளிரவில்லை. மூன்றாவது பாத்திரத்தையோ பேச்சு சுவாரசியத்தில் கருகவிட்டோம். அதில் ஒளியே இல்லை.

சிஸ்டர் பார்க்குமுன் அதைக் கழுவி மறைத்துவிட எண்ணினோம். மனம் ஒப்பவில்லை, உண்மையைச் சொன்னோம். “பொருள் ஒன்றே, தீயும் நேரமும் மாறினால் ஒளியும் மாறும் என்பதற்கு இதுவன்றோ சான்று! இதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்” என்றார்.

கருகிய பாத்திரத்திற்கும் ஒரு வரி ஒதுக்கினோம். அன்று நாங்கள் கற்றது வேதியியல் மட்டுமன்று.