தொட்டிச் செடிகளும் தேநீரும்

துளசியோ கற்பூரவல்லியோ இல்லாத வீடு நம் ஊர்களில் அபூர்வம். ஆயினும் அவற்றை நாம் பருகுவது, பெரும்பாலும் ஜலதோஷம் வந்து சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைக்கிற நாட்களில்தான். இப்படி நோயின் ஞாபகத்தோடு பிணைந்துவிட்ட காரணத்தினாலேயே, அந்த இலைகளுக்குச் சுபாவமாக அமைந்த நறுமணத்தை, உடம்பு சௌக்கியமாக இருக்கும் ஒரு மாலைப்பொழுதில் நிதானமாக அனுபவிக்கவேண்டும் என்ற எண்ணம் நமக்கு எழுவதில்லை. அது எழவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

கஷாயம் சுண்டக் காய்வது; அப்படிக் காயும்போது இலையின் வாசனை எண்ணெய் ஆவியோடு கலந்து போய், அடுக்களையெல்லாம் மணக்க, தம்ளரில் காரமும் கசப்புமே மிஞ்சுகின்றன. மணத்தை விரும்புகிறவர், தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, லேசாகக் கசக்கிய இலைகளின்மேல் ஊற்றி, 5 நிமிஷமோ 7 நிமிஷமோ தட்டால் மூடிவைத்து, தட்டின் அடியில் கோத்த துளிகளையும் வீணாக்காமல் பாத்திரத்திலேயே வழியவிடவேண்டும்.

பறிக்கும் வேளையும் பிரதானம். பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன் கிள்ளிய இலையில்தான் வாசனை நிறைந்திருக்கும். மாலையில் துளசி பறிக்கலாகாது என்று பெரியவர்கள் வைத்த சம்பிரதாயம் தேநீர்ப் பிரியருக்கும் அனுகூலமானதே. கதிர் விட்டதும் நுனியைக் கிள்ளாமல் விதை முற்றவிட்டால் துளசியின் தழைப்பு குன்றிவிடும். எஞ்சிய இலைகளை வெயிலில் காட்டாமல், காற்றோட்டமான நிழலில் துணிவிரித்து உலர்த்திச் சேமிக்கலாம். கற்பூரவல்லி மட்டும் சாறு நிறைந்த தடித்த இலையாதலால், அதை அன்றன்று பறிப்பதே உத்தமம்.

பூக்களில் என் மனத்தைக் கவர்ந்தது சங்குப்பூ. ருசி என்று சிறப்பித்துச் சொல்ல அதில் அதிகம் இல்லை. வெந்நீரில் இறங்கும் அந்த நீலத்துக்காகவே அதை வளர்க்கலாம். எலுமிச்சம்பழச் சாறு சில சொட்டு விழுந்ததும், இதழிலுள்ள அந்தோசயனின் என்னும் நிறப்பொருள் புளிப்புக்கு இணங்கி ஊதாவாக மாறுவதைப் பார்க்கக் குழந்தைகள் அடுப்படிக்கே வந்துவிடுவார்கள். அவரைக் குடும்பத்துக் கொடி அது. வேர்முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்துக் கொடுப்பதால் எருவும் மிகுதியாகக் கேட்பதில்லை. செம்பருத்தியில் இதழை மட்டும் எடுத்துக்கொள்ளவேண்டும். ஆவாரை புதராக வளர்கிற சுபாவமுடையது. வெயில் காயும் தரை இருப்பவருக்கே அது ஏற்றது. மாலைக்கென்று கடையில் விற்கும் ரோஜாவை மாத்திரம் வெந்நீரில் போடாதீர்கள். அதன்மேல் என்ன மருந்து தெளித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. வீட்டில் பூத்த பூவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை.

ஒரே தொட்டிக்குத்தான் இடமுண்டு என்பவருக்குத் தயக்கமின்றி எலுமிச்சைப் புல்லையே சொல்வேன். வேரோடு பிரித்த ஒரு பக்கக்கன்று போதும். வெயிலும் தண்ணீரும் கிடைத்தால் அடர்ந்து தூர் கட்டி, அறுக்க அறுக்கத் துளிர்க்கும். தாளின் விளிம்பு கையைக் கீறும், கத்தரிக்கோலால் வெட்டுவது நல்லது. இரண்டு தாளை முடிச்சிட்டுப் போட்டு, இஞ்சி ஒரு துண்டு தட்டிச் சேர்த்தால் பாலும் சர்க்கரையும் வேண்டியிராது. அண்டை வீட்டார் கேட்டால் தூரைப் பிரித்துக் கொடுக்கவும் செய்யலாம்.