எங்கள் வீட்டுக் கைகாட்டிகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில், டி.வி.க்கு மேலே உள்ள பலகையில், கொலுப் பொம்மைகள் மாதிரி ஐந்து ரயில் கைகாட்டிகள் வரிசையாக நிற்கின்றன. வீட்டுக்கு வருகிற பெண்களில் பத்துக்கு எட்டுப் பேர், "யாரு செஞ்சது? உங்க பையனா?" என்றுதான் கேட்பார்கள். "நானும் என் மாமனாரும்" என்றால் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்ப்பார்கள். தையல், கோலம், ஊறுகாய் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ரயில் சிக்னல் என்றதும், 'இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு?' என்று தோன்றும் போலிருக்கிறது!

இந்தக் காலத்துக் குழந்தைகள் பலருக்குக் கைகாட்டி என்றாலே தெரியாது. அவர்களுக்கு சிக்னல் என்றால் விளக்குதான். அந்த நாளில் ஸ்டேஷனுக்கு வெளியே உயரமாக ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு சிவப்புக் கை. கை நேராக நீட்டிக்கொண்டிருந்தால் 'நில்'. கீழே சாய்ந்தால் 'போ'. கை மேல் நோக்கித் தூக்குகிற வகையும் உண்டு. எங்கள் மாமனார் கட்டிக் காத்ததெல்லாம் கீழே இறங்குகிற வகை. "கைகாட்டி இறங்கிடுச்சு, பெட்டியைத் தூக்கு" என்று பெரியவர்கள் பரபரப்பது, என் வயதுக்காரர்கள் பலருக்கு இன்னும் காதில் கேட்கும்.

மாமா 1964-இல் சிக்னல் கலாசியாக வேலையில் சேர்ந்தவர். விழுப்புரம்–மாயவரம் மீட்டர் கேஜ் பாதையில் கம்பம் ஏறி எண்ணெய் போட்டு, கம்பி இழுத்து, பிறகு மெயின்டெய்னராகி, 2002-இல் ஓய்வு பெற்றார். 2006-இல் அந்தப் பாதையை அகலப்பாதையாக்க வண்டிகளை நிறுத்தினார்கள். 2010-இல் மறுபடி ரயில் விட்டதும் எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், "ஒண்ணு கூட இல்லே" என்று மட்டும் சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. வயசாகிறது, கண்புரையாக இருக்கும் என்று நினைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிளாக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுகிற நோய். "போன பார்வை திரும்பாது. மீதி இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டர். இப்போது அவருக்கு ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும். இன்னொன்றில் ஆள் நிழலாகத் தெரியும்.

பார்வையோடு பேச்சும் போயிற்று. திண்ணையில் உட்கார்வார், கூப்பிட்டால் சாப்பிட வருவார், படுப்பார். "மாமா, காபி கொண்டு வரட்டுமா?", "மாமா, மாத்திரை போட்டாச்சா?" — இதைத் தவிர நாங்களும் வேறு எதுவும் கேட்பதில்லை. அவரும் "உம்" என்பதைத் தாண்டுவதில்லை.

அப்போது என் மகன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ரயில் சிக்னல் செய்யப் போகிறேன் என்று மூன்று வர்ண விளக்குகளை வாங்கி வந்தான். திண்ணையைத் தாண்டும்போது, "தாத்தா, அந்தக் காலத்துல லைட்டு இல்லாம வெறும் கைதானே இருந்துச்சாம்? கம்பி அறுந்து போனா டிரைவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடிவிட்டான்.

ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார். "அம்மாடி, வீட்டுல அட்டை இருக்கா? கத்திரியும் கொண்டா. நான் சொல்றேன், நீ வெட்டு" என்றார். ஆறு மாதத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசிய முதல் வார்த்தைகள் அவை! கையைத் துடைத்துக்கொண்டு புடவைப் பெட்டி அட்டையை எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அட்டையில் தொடங்கியது, ஒரே வாரத்தில் தகரத்துக்கு வந்துவிட்டது. வெளிநாட்டில் மாதிரி ரயில் செய்கிறவர்கள் பெரும்பாலும் எழுபத்தாறில் ஒரு பங்கு, எண்பத்தேழில் ஒரு பங்கு என்று செய்வார்களாம். அந்தக் கணக்கில் 4 அடிக் கை அரை அங்குலத்தைச் சற்றே தாண்டும். விரலால் தடவிப் பார்க்கிறவருக்கு அது எப்படிப் புரியும்? அதனால் அடிக்கு ஓர் அங்குலம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டோம். 24 அடிக் கம்பம் 24 அங்குலம். 4 அடிக் கை 4 அங்குலம். கணக்குப் போடுவதும் சுலபம்.

கம்பத்துக்குப் பழைய திரைச்சீலைக் குழாய். கைக்கு எண்ணெய் டின் தகரம். ஏணிக்குத் தென்னை ஈர்க்கு, ஓர் அங்குலத்துக்கு ஒரு படி. கம்பி ஓடுகிற கப்பிகளுக்குத் தையல் மெஷின் பாபின். லீவருக்கு உடைந்த ஸ்பூனின் காம்பு. கடையில் வாங்கியது பெயிண்டும் ஒட்டுகிற பசையும்தான். முன்பக்கம் சிவப்பில் வெள்ளைப் பட்டை, பின்பக்கம் வெள்ளையில் கறுப்புப் பட்டை. ஒவ்வொன்றையும் அவர் விரலால் தடவி, "பட்டை நுனிக்கு ரொம்பக் கிட்ட போயிடக் கூடாது" என்று சரி பார்ப்பார். பெயிண்ட் பட்டையின் மேடு கூட அவர் விரலுக்குத் தெரியும்.

கைக்கு மறுபக்கத்தில் இரண்டு கண்ணாடி பதித்த ஒரு சட்டம் உண்டு. மேலே சிவப்பு, கீழே பச்சை. கை சாயும்போது சட்டம் மேலே எழும்பி, விளக்குக்கு முன்னால் பச்சை வந்து நிற்கும். பச்சைக் காகிதம் எடுத்தேன். "அது வேணாம்மா, நீலம் ஓடின பச்சையா எடு" என்றார். அந்த நாளில் உள்ளே எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. அதன் சுடர் மஞ்சள். நீலம் கலந்த கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் தூரத்து டிரைவருக்கு நல்ல பச்சையாகத் தெரியுமாம். அகல் விளக்கை ஏற்றி வைத்துப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது!

கம்பி விஷயமும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள இரும்புக் கம்பி, காலைக்கும் மத்தியானத்துக்கும் 20 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய ஒரு சாண் நீண்டுவிடும். கம்பி தொய்ந்தால் லீவரை இழுத்தாலும் கை முழுசாக இறங்காது. அதனால் கோடையில் கம்பியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். "சித்திரை வெயில்ல உங்க அத்தையோட சேர்ந்து சாப்பிட்டதே இல்லே" என்றார். அத்தை இருந்தவரை அதை அவரிடம் சொன்னாரோ என்னவோ!

எல்லாம் பூட்டி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. முதல் கைகாட்டி தயார். லீவரை இழுத்தேன், கை அழகாகக் கீழே சாய்ந்தது. மகன் கைதட்டினான். என் கணவரும் வந்து நின்றார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "கத்திரியை எடு. கம்பியை அறு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வார வேலை! "மாமா, இப்பத்தானே..." என்றேன். "அறும்மா. அதுதான் பரீட்சை" என்றார்.

அறுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். கை தானாக மேலே வந்து, நேராக நீட்டிக்கொண்டு நின்றது. மாமா காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, கையை நீட்டித் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "டேய், உன் கேள்விக்குப் பதில் இதுதான்" என்று பேரனைக் கூப்பிட்டார்.

விஷயம் ரொம்பச் சின்னது. கம்பத்தின் அடியில் எடைக்கல் கட்டிய நெம்புகோல் ஒன்று. லீவரை இழுத்தால் கம்பி அந்த எடையைத் தூக்கும். அதோடு சேர்ந்த தண்டு கண்ணாடிச் சட்டத்தை மேலே தள்ள, மறுபக்கம் கை சாயும். தராசு மாதிரிதான். கம்பி அறுந்தால் எடை விழுந்து, கை 'நில்'லுக்கு வந்துவிடும். தண்டே உடைந்தாலும் கண்ணாடிச் சட்டத்தின் கனம் அந்த வேலையைச் செய்யும். "'போ'ங்கிறதைத்தான் இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கணும். 'நில்லு' தானா வரணும். எது கெட்டாலும் வண்டி நிக்கணும், ஜனம் பிழைக்கணும்" என்றார் மாமா.

இதைக் கற்றுக்கொள்ள மனிதர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1840-களின் தொடக்கத்திலேயே ரயிலுக்குக் கைகாட்டி வந்துவிட்டது. ஆனால் அங்கே பல பாதைகளில் கையைச் சும்மா இருக்கும்போது 'போ' நிலையிலேயே விட்டு வைப்பார்களாம். 1876 ஜனவரி 21-ஆம் தேதி ஆபட்ஸ் ரிப்டன் என்ற இடத்தில் கடும் பனி. பனி அப்பிக்கொண்டு கைகள் 'நில்'லுக்கு எழும்பவில்லை. டிரைவர்களுக்கு 'போ' என்றே தெரிந்தது. எக்ஸ்பிரஸ் வண்டி சரக்கு வண்டியில் மோத, அந்தச் சிதறலில் இன்னொரு எக்ஸ்பிரஸும் வந்து மோதியது. அதன் பிறகுதான் கை எப்போதும் 'நில்' நிலையிலேயே இருக்க வேண்டும் என்ற வழக்கம் உறுதிப்பட்டது. மகன் இதைப் படித்துச் சொன்னபோது மாமா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு வேலை நிற்கவே இல்லை. ஹோம், ஸ்டார்ட்டர், கீழே வார்னர் சேர்த்த அவுட்டர், இரண்டு பாதைக்கும் ஒரே கம்பத்தில் இரட்டைக் கை — இதில் மெயின் லைன் கைதான் உயரமாக இருக்க வேண்டும். ஐந்தாவது, தனியாக நிற்கும் வார்னர். அதன் நுனி மீன்வால் போல வெட்டியிருக்கும். அது நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே நிற்க வேண்டாம், அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகிக்கொள் என்று பொருள். ராத்திரியில் அதன் சிவப்பு விளக்கைப் பார்த்து 'நில்' என்று டிரைவர் குழம்பிவிடக் கூடாதே! அதற்காக அதற்கு மேலே எப்போதும் எரிகிற பச்சை விளக்கு ஒன்று. எவ்வளவு யோசனை பாருங்கள்!

வார்னர் செய்துகொண்டிருந்த நாளில் மாமா திடீரென்று, "என் கண்ணுக்குத்தான் வார்னர் இல்லாமப் போச்சு" என்றார். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். பெற்றோருக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைகளும் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்று இவர் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். அந்த வாரமே போனார். அழுத்தம் கூடுதலாக இருந்தது. நல்லவேளை, நரம்பு கெடவில்லை. இப்போது அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நான்தான் வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுகிறேன்.

சகோதரிகளே, இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது, முதலில் எந்த அடையாளமும் காட்டாது. ஓரப் பார்வையைத்தான் மெல்லத் தின்னும். வீட்டில் யாருக்காவது இருந்தால், நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணில் அழுத்தமும் நரம்பும் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துக் காட்டுவது மட்டும் போதாது.

தகரம் வெட்டிப் பழக ஆசையிருந்தால் கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்த பிறகே பெரியவர்கள் கையில் கொடுங்கள். கைகாட்டிதான் செய்ய வேண்டும் என்றில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் தறி நெய்தவராக இருக்கலாம், ஏற்றம் இறைத்தவராக இருக்கலாம், பத்துப் பிரசவம் பார்த்த பாட்டியாக இருக்கலாம். "சாப்டீங்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "அது எப்படி வேலை செய்யும்?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன். கேட்டுவிட்டு என் மகன் மாதிரி ஓடிவிடாமல், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.