அடி வாங்கும் உடம்பும் கணக்கு எழுதும் கையும்

மீஞ்சூரில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் தம்பிகளில் சிலர் இப்போது எம்.எம்.ஏ. பற்றியே பேசுகிறார்கள். குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை அது. நைட் ஷிப்டு இடைவேளையில் செல்போனில் பார்க்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்த ஒரு தம்பி, "அண்ணா, கான்ட்ராக்ட் வேலையை விட்டுட்டு முழுசா இதுல இறங்கலாம்னு இருக்கேன், என்ன சொல்றீங்க?" என்று கேட்டான். நாங்கள் எங்களுக்குள் பலமுறை பேசித்தான் பதில் சொன்னோம். அத்திப்பட்டிலும் எண்ணூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் இதே கேள்வியோடு இருக்கும் தம்பி தங்கைகளுக்காக அதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. நாங்கள் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. 'நமக்கு எதுக்குப்பா அடிதடி, போலீஸ்ல பேர் வந்துடும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பயம் அனுபவத்திலிருந்து வருவது. ஊரில் எது நடந்தாலும் காலனிப் பையனைத்தான் முதலில் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்தத் தம்பியை இழுப்பது எது என்பதும் எங்களுக்குத் தெரியும். மேடை ஏறும்முன் அங்கே கேட்பது எடையை மட்டும்தான். எந்தத் தெரு, யார் பிள்ளை என்று கேட்பதில்லை. இரண்டு பேர், ஒரே எடை, ஒரே விதி, நடுவில் ஒரு நடுவர். அந்தச் சில நிமிடங்களில் கிடைக்கும் சமத்துவம் நம் பிள்ளைகளுக்கு வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

துறைமுகமும் ஆலைகளும் இருந்த வட சென்னையில் பாக்ஸிங் வேர்விட்டதை நாம் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். 2021-ல் வெளிவந்த பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' அந்தக் கதையை ஊரெல்லாம் கொண்டுபோனது. 1980-ல் முகமது அலி சென்னைக்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினார். அடிமைப் பெயர் என்று சொல்லித் தன் பழைய பெயரையே தூக்கிப் போட்டவர் அவர். அவரை இங்கே உழைக்கும் மக்கள் கொண்டாடியதில் வியப்பென்ன இருக்கிறது?

ஆனால் மேடை என்பது ஒரு மாலை நேரம். கேரியர் என்பது பத்துப் பதினைந்து வருடம். மேடையில் இருக்கும் சமத்துவம் மேடைக்கு வெளியே இருக்கிறதா? இதைக் கேட்க நாம் தூரமாகப் போக வேண்டாம். சென்னையின் துளசி ஹெலனைப் பார்த்தால் போதும்.

துளசி தலித் குடும்பத்தில் பிறந்த குத்துச்சண்டை வீராங்கனை. பாக்ஸிங் வழியாக ஓர் அரசு வேலை, அதன்மூலம் யாரையும் சார்ந்திராத வாழ்க்கை என்பதே அவர் கனவு. நார்வே நாட்டு இயக்குநர்கள் இருவர் அவரைப் பின்தொடர்ந்து எடுத்த 'லைட் ஃப்ளை, ஃப்ளை ஹை' ஆவணப்படம் 2013-ல் வெளிவந்தது. அவருடைய கடினமான மோதல் எதிரில் நின்ற வீராங்கனைகளோடு நடந்ததல்ல. சங்கப் பொறுப்பில் இருந்தவர் பாலியல் தொல்லை கொடுத்தார் என்று அவர் வெளிப்படையாகப் புகார் சொன்னார். அடிக்கு அஞ்சாத பெண், பெயர்ப் பட்டியல் எழுதும் கையோடு மோத வேண்டி வந்தது. பின்னாளில் அவர் ஆட்டோ ஓட்டுகிறார், பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்று செய்திகள் வந்தன. அந்த வேலைகளில் எந்த இழிவும் இல்லை. பதக்கம் வென்ற ஒருவருக்கு வேறு வழி ஏன் திறக்கவில்லை என்பதுதான் கேள்வி.

எம்.எம்.ஏ. புதியது, அங்கே இந்தப் பழைய சங்க அரசியல் இல்லை என்று தம்பிகள் சொல்கிறார்கள். உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் பக்கத்துப் பூஜா தோமரைக் காட்டுகிறார்கள். 2024 ஜூனில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் வென்று, யு.எஃப்.சி.யில் வெற்றிபெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். பெருமையான செய்திதான். உத்தராகண்டின் அன்ஷுல் ஜுப்லியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023-ல் ஆசிய அளவிலான தேர்வுப் போட்டியில் வென்று யு.எஃப்.சி. ஒப்பந்தம் பெற்றார். 2025 பிப்ரவரியில் சிட்னியில் அவருடைய சண்டை 19 வினாடியில் தோல்வியில் முடிந்தது. வருடக்கணக்கான உழைப்பு 19 வினாடியில் முடிந்துபோகக்கூடிய தொழில் இது. திறமை இருந்தும் இப்படி நடக்கும்.

அந்தத் தொழிலில் கூலி எப்படி வருகிறது? கூண்டுக்குள் இறங்கினால் ஒரு தொகை, ஜெயித்தால் பெரும்பாலும் அதே அளவு இன்னொரு தொகை. தோற்றால் பாதிதான். அதிலிருந்துதான் பயிற்சியாளருக்கும் மேனேஜருக்கும் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளம் கிடையாது. யு.எஃப்.சி. வீரர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்களே அல்ல, 'சுயேச்சை ஒப்பந்ததாரர்கள்'. இந்த வார்த்தையைக் கேட்டதும் மீஞ்சூர்க்காரர்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? அனல்மின் நிலையத்துக்குள் பல வருடம் வேலை பார்த்தும் 'நீ எங்க ஆள் இல்ல, கான்ட்ராக்டர் ஆள்' என்று கேட்டைக் காட்டும் அதே வார்த்தைதான். 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமாவது, ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்றது. கூண்டுக்குள் இறங்குகிறவருக்கு அந்தப் பிடிமானமும் இல்லை.

இதை எதிர்த்து வீரர்களே கோர்ட்டுக்குப் போனார்கள். 2014-ல் கங் லீ உள்ளிட்டோர் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். போட்டி நிறுவனங்களை ஒழித்துவிட்டு எங்கள் கூலியை அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அமெரிக்கக் கூடைப்பந்து லீகில் வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குப் போகிறது. யு.எஃப்.சி.யில் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை என்பது அந்த வழக்கில் வெளியே வந்தது. 37.5 கோடி டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. 2025-ல் நீதிமன்றம் அதை ஏற்றது. கூடைப்பந்து வீரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. கூண்டுச் சண்டை வீரர்களுக்கு அப்படிக் கூட்டாகப் பேரம் பேசும் சங்கம் இல்லை. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

உடம்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். சண்டைக்கு முன் எடையைக் குறைக்க உடம்பிலிருக்கும் தண்ணீரையே வற்ற வைக்கிறார்கள். 2015 டிசம்பரில் யாங் ஜியான் பிங் என்ற 21 வயது சீன வீரர் அப்படி எடை குறைக்கும்போதே இறந்துபோனார். சண்டை நடக்கவே இல்லை. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி பல வருடம் கழித்துக்கூட மூளையைப் பாதிக்கும். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு உடம்புதான் ஒரே முதல். அது போனால் எடுத்துவைத்த பணம் என்று எதுவும் இருக்காது.

'உங்க பசங்களுக்கு ரத்தத்துலயே வீரம் இருக்கு' என்று முதுகில் தட்டுகிறவர்களிடம் தோழர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இந்த ரத்தக் கணக்கை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். மகர்கள் வெள்ளையர் படையில் நெடுங்காலம் போரிட்டவர்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி அந்தப் படையில் சுபேதார். பிறகு 'வீர இனம்' என்ற கோட்பாட்டைக் கொண்டுவந்து அதே மகர்களுக்குப் படையின் கதவைச் சாத்தினார்கள். 1941-ல் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது மகர் ரெஜிமென்ட் உருவானது. இடைப்பட்ட காலத்தில் ரத்தம் மாறிவிட்டதா என்ன? பதிவேடு வைத்திருந்தவர்களின் தேவை மாறியது. நம் பிள்ளைகள் வெல்வது பயிற்சியால், உணவால், நல்ல பயிற்சியாளரால். பிறப்பால் அல்ல. பிறப்பால் திறமை என்று ஒத்துக்கொண்டால் பிறப்பால் இழிவு என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டி வரும்.

அதனால் எங்கள் பதில் இதுதான். சண்டை போடு, ஆனால் படிப்பை விடாதே. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% இடம் இருக்கிறது. எம்.எம்.ஏ. ஒலிம்பிக் விளையாட்டு இல்லை. பாக்ஸிங்கும் மல்யுத்தமும் ஒலிம்பிக் விளையாட்டுகள். அடித்தளத்தை அவற்றில் போட்டால் பதக்கத்துக்கு ஒரு மதிப்பு மிஞ்சும். எந்தப் போட்டிக்கும் எழுத்தில் ஒப்பந்தம் கேள். அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்று கையெழுத்துப் போடும் முன் கேள். பெண் பிள்ளைகள் பயிற்சிக்குப் போகும் இடத்தில் புகார்க் குழு இருக்கிறதா என்று பெற்றோரும் நாமும் சேர்ந்து கேட்க வேண்டும். பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டத்தில் 'பணியிடம்' என்பதற்குள் ஸ்டேடியமும் விளையாட்டு நிறுவனமும் வருகின்றன. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

மாணவத் தோழர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மேடை ஏறுகிறவர்கள் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறார்கள். நடுவர் நாற்காலியிலும், தேர்வுக் குழுவிலும், சங்கத்தின் கணக்குப் புத்தகத்திலும், விளையாட்டு மருத்துவத்திலும், ஒப்பந்தம் படித்துச் சொல்லும் வக்கீல் மேசையிலும் நம் ஆட்கள் எத்தனை பேர்? உங்களில் சிலர் அங்கே போய் உட்கார வேண்டும். கூண்டுக்குள் நிற்பவர் தன் கைகளால் தன்னைக் காத்துக்கொள்வார். வெளியே அவரைக் காப்பது நம் வேலை.

ஜெய்பீம்.