முதல் நாள்... ஐம்பது கிலோமீட்டர் போதும்!

ஐஸ்லாந்தில் வாடகைக் கார் எடுத்து நாங்களே ஓட்டப் போகிறோம் என்றதும் சொந்தபந்தம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “அங்கே வலது பக்கமா ஓட்டணுமே, முடியுமா?” கோவையில் 30 வருடங்களாக கார் ஓட்டும் என்னவர், சிரிப்பையே பதிலாகத் தந்தார். தூக்கத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. முதல் நாளில் எங்களைச் சோதித்தது அதுதான்!

கோழித் தூக்கமும் சூரிய வெளிச்சமும்

சென்னையில் நள்ளிரவு தாண்டித்தான் விமானம். ஃபிராங்க்ஃபர்ட் வரை சுமார் 10 மணி நேரம். சைவச் சாப்பாட்டை முன்கூட்டியே பதிவு செய்திருந்தோம். கால் வீங்காமல் இருக்க அடிக்கடி எழுந்து நடந்தோம். தூக்கம் மட்டும் கோழித் தூக்கம்தான். குடியேற்றச் சோதனை ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே முடிந்துவிட்டது. அங்கே சில மணி நேரம் காத்திருந்து, இன்னொரு விமானத்தில் மூன்றரை மணி நேரம் பறந்து, ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக்கில் இறங்கினோம்.

அங்கே மாலை 4 மணி. நம்மூரில் இரவு 9.30. வீட்டில் படுக்கையை விட்டு எழுந்து கிட்டத்தட்ட 40 மணி நேரம் ஆகியிருந்தது. ஆனால், வெளியே பளீர் வெயில்! ஜூன் மாதக் கடைசியில் அங்கே சூரியன் மறையவே நள்ளிரவு ஆகிவிடும். மறுபடி 3 மணிக்கெல்லாம் உதித்துவிடும்.

கதவைக் கெட்டியாகப் பிடிங்க!

கார் வாடகை அலுவலகத்தில் உரிமம், சர்வதேச ஓட்டுநர் அனுமதி, ஓட்டுபவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு மூன்றையும் கேட்டார்கள். அந்த அனுமதியை நம்மூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே வாங்கலாம். ஒரு வருடம் செல்லும்.

சாவியைக் கொடுத்த பெண் முதலில் சொன்னது காற்றைப் பற்றி. “கதவைத் திறக்கும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று கதவையே பின்னால் மடக்கிவிடும். பெரும்பாலான காப்பீடுகளில் அந்தச் சேதம் சேராது.” காரைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்துவது நல்லதாம். பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். வேகம் ஊருக்குள் பொதுவாக 50, சரளைச் சாலையில் 80, தார்ச்சாலையில் 90. அதற்கு மேல் போனால் அபராதம் கடுமை.

காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் போனில் படம் எடுத்துக்கொண்டோம். பிறகு, வண்டி நிறுத்துமிடத்திலேயே நாலு சுற்று ஓட்டிப் பார்த்தார். இண்டிகேட்டர் இடது கைப்பக்கம், கியர் வலது கைப்பக்கம்... எல்லாமே கண்ணாடியில் பார்த்த மாதிரி!

வீக்கா, ரெய்க்யவிக்கா?

எங்கள் மகன் போட்டுக் கொடுத்த திட்டப்படி அன்று இரவு தங்கல், தெற்குக் கடற்கரையில் இருக்கும் வீக் என்ற ஊரில். விமான நிலையத்திலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். அறைக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. ரத்து செய்தால் திரும்ப வராது.

“வெளிச்சம்தான் இருக்கே... மூணு மணி நேரத்துல போயிடலாம்” என்றார்.

“என்னங்க, வெளிச்சம் ரோட்டுலதான் இருக்கு. உங்க கண்ணுல இல்லையே!”

“அவ்வளவு பணம் போயிடுமேம்மா...”

“போகட்டுங்க. கோயமுத்தூர்ல இந்த நேரத்துக்கு நீங்க வண்டி எடுத்துட்டு மதுரைக்குக் கிளம்புவீங்களா?”

கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து, 50 கிலோமீட்டரில் இருக்கும் தலைநகர் ரெய்க்யவிக்கில் ஓர் அறை தேட ஆரம்பித்தார். வீக் விடுதிக்கு நாளைதான் வருவோம் என்று நான் தகவல் அனுப்பினேன்.

காலிச் சாலைதான் ஆபத்து

41-ஆம் எண் சாலை. இரண்டு பக்கமும் கறுப்பு எரிமலைக் குழம்புப் பாறைகள், அவற்றின் மேல் பச்சைக் கம்பளம் போலப் பாசி. மிதித்தால் மறுபடி வளர பல வருடங்கள் ஆகுமாம்.

என் வேலை, ஒவ்வொரு திருப்பத்திலும் “வலது... வலது...” என்று சொல்வது. அவருக்கு உதவிய சூத்திரம் ஒன்று உண்டு: நம்மூரானாலும் அந்த ஊரானாலும், ஓட்டுபவர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம்தான் இருப்பார். தான் ஓரத்தில் இருப்பதாகத் தோன்றினால், தப்பான பக்கத்தில் போகிறோம் என்று அர்த்தம்.

ரவுண்டானாவில் இடமிருந்து வரும் வண்டிகளுக்கு வழிவிட்டு, வலப்புறமாக நுழைய வேண்டும். இரண்டு தடங்கள் இருந்தால், உள்தடத்தில் இருப்பவர் வெளியேறத்தான் முன்னுரிமை. இந்த வழக்கம் எங்களுக்குப் புதிது.

நெரிசலில் முன்னால் போகும் காரைப் பின்தொடர்ந்தாலே போதும். ஆனால், ஊருக்கு முன்னால் ஒரு கடையில் ரொட்டியும் தயிர் மாதிரியான ‘ஸ்கிர்’ரும் வாங்கிவிட்டு வெளியே வந்தபோது, சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. பின்தொடர யாரும் இல்லாத அந்த இடத்தில்தான் பழைய பழக்கம் கையை இழுக்கும். அவர் நிறுத்தி, “வலதுதானே?” என்று கேட்டார். “வலதுதாங்க” என்றேன். அப்புறம்தான் வண்டி நகர்ந்தது.

ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் இப்படி ஒரு முதல் நாள் இருந்திருக்கிறது! 1968-ஆம் வருடம் மே 26 வரை அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க வலது பக்கம் மாறியது. அறையில் இதைப் படித்துக் காட்டியபோது, என்னவர் பதில் சொல்லவில்லை. கனமான திரைச்சீலையை இழுத்துவிட்ட ஐந்தாவது நிமிடமே குறட்டை!

மறுநாள் வீக் போகும் வழியெல்லாம் அருவிகள். அத்தனையையும் நன்றாக விழித்திருந்து பார்த்தோம். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு காரெடுக்கப் போகிறவர்கள், முதல் இரவுக்கான அறையை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். எங்களுக்குப் போன ஒரு நாள் வாடகை உங்களுக்காவது மிச்சமாகட்டும். அவசர உதவிக்கான 112 என்ற எண்ணையும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.