ஊன்றுகோலை எறியுமுன்

நோயினின்று விடுபடுவது ஒன்று. அந்நோய்க்கு உண்ணும் மருந்தினின்றும் விடுபடுவது மற்றொன்று. முன்னதில் தேறியவர் பின்னதிலும் விரைந்து வெற்றி காண விழைவது இயல்பே. ஆயின் அவ்விரைவே சில வேளைகளில் உயிருக்கு உலை வைத்துவிடுகிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் வாழும் எம் தமக்கையின் மகன், விபத்தொன்றில் முதுகு முறிந்து, வலி தீர உண்ட அபின் வகை மாத்திரைகளுக்கே அடிமையானவன். இன்று மெத்தடோன் என்னும் மாற்று மருந்தின் துணையால் வேலைக்குச் செல்கிறான், பிள்ளைகளைப் பேணுகிறான். அவன் எமக்கு எழுதினான்: "மாமா, மருந்துக்காக வரிசையில் நிற்பது வெட்கமாயிருக்கிறது. கஞ்சா எண்ணெய் உண்டால் மெத்தடோனைக் குறைத்துவிடலாம் என்கிறார்கள்." "நீதான் அவனுக்குச் சொல்ல வேண்டும், தம்பி" என்று அக்காவும் கண்கலங்கினார்.

யாம் தேடிப் படித்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். 1965-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் மருத்துவர்கள் மெத்தடோன் சிகிச்சையை உலகுக்கு அறிவித்தனர். அது ஒரு நாள் முழுதும் உடலில் நின்று ஏக்கத்தையும் நடுக்கத்தையும் அடக்குகிறது. 2017-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பின்படி, இச்சிகிச்சையில் இருப்போருள் ஆண்டுக்கு ஆயிரவருக்கு ஏறத்தாழ 11 பேர் இறக்க, அதைவிட்டு நீங்கியோருள் 36 பேர் இறந்தனர். நீங்கிய முதல் நான்கு வாரங்களே மிகக் கொடியவை. தாங்கும் ஆற்றல் குன்றியபின் பழைய அளவில் போதைப்பொருளை உண்போரின் மூச்சே நின்றுவிடுகிறது.

கஞ்சா எண்ணெயின் நிலை என்ன? அச்செடியிலுள்ள, போதை தராத கன்னாபிடயாலை, ஹெராயினை விட்டிருந்த 42 பேரிடம் யாஸ்மின் ஹர்ட் குழுவினர் ஆய்ந்து 2019-இல் வெளியிட்டனர். ஏக்கமும் பதற்றமும் குறைந்தன என்பது நற்செய்தியே. ஆயின் மருந்து தரப்பட்டது மூன்று நாள்களே. மெத்தடோனைக் குறைப்பதை அவ்வாய்வு சோதிக்கவுமில்லை. 2018-இல் பென்சில்வேனியா மாநிலம் அபின் வகை அடிமைத்தனத்துக்கும் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது மெய்யே. அனுமதி வேறு, நிரூபணம் வேறு.

மேலும், கன்னாபிடயால் மெத்தடோனைச் சிதைக்கும் ஈரல் நொதிகளைத் தடுக்கக்கூடும். அதனால் குருதியில் மெத்தடோன் மிகுந்து மயக்கம் உண்டாகலாம். இணையவழி வாங்கிய 84 கன்னாபிடயால் பொருள்களைச் சோதித்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சீட்டில் குறித்த அளவுக்கு ஒத்திருந்தன. 18 பொருள்களில் போதை தரும் கூறும் கலந்திருந்தது.

ஆதலின் யாம் அவனுக்கு எழுதினோம்: "எண்ணெயை மருத்துவரிடம் மறைக்காதே. மெத்தடோனை உன் கையால் குறைக்காதே. குறைக்க விரும்பினால் அவரிடமே சொல். மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வழியுண்டு. சர்க்கரை நோயாளி இன்சுலினுக்காக வெட்குவதில்லை, நீயும் வெட்காதே."

அவன் மருத்துவரிடம் சென்றான். அளவை இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தனராம். அக்கா அன்றிரவு அமைதியாய் உறங்கியதாகச் சொன்னார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, மருந்தினால் நிமிர்ந்து நிற்கும் ஒருவரை அதனின்று துரத்துவது பெரும்பாலும் நம் சொற்களே. "இன்னுமா இந்த மருந்து?" என்று கேட்பதை விடுத்து, "இன்று நலமா?" என்று கேட்கப் பழகுவோமாக.