அருவிக்கு எதிரே ஒரு கடை

கண்ணுக்கு இனிய காட்சியுள்ள சாலை எங்கே உண்டோ, அங்கே வயிற்றுக்கு உணவிடும் கடையும் உண்டு. காலி, மாத்தறைக் கடற்கரையோரத்தில் மீன் பொரித்துத் தரும் ஓலைக் கொட்டில்கள் எவ்வாறு தோன்றினவோ, அவ்வாறே நம் மலையகத்து வீதியோரங்களிலும் தேநீர்க்கடைகள் தோன்றின. அங்கே உண்பவன் அலையைப் பார்த்துக்கொண்டு உண்கிறான். இங்கே உண்பவன் அருவியையும் தேயிலைப் பசுமையையும் பார்த்துக்கொண்டு உண்கிறான். காட்சிக்குத் தனியே காசு கேட்பாரில்லை. கோப்பையின் விலையிலேயே அதுவும் அடங்கிவிடுகிறது. அந்தக் காட்சியைத் தம் கையால் ஆக்கியவர்களுக்கு அந்தக் கடைகளில் என்ன இடம் இருக்கிறது? இக்கேள்வியை நண்பர்கள் நம்மோடு சற்றே சிந்தித்தல் வேண்டும்.

நாம் ஆசிரியத் தொழில் புரிவது திம்புள்ளப் பகுதியில். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஏறுகிறது. அதன் நடுவே, சில மைல் தூரத்துக்குள், டெவன் அருவியும் சென்கிளேயர் அருவியும் அடுத்தடுத்துக் காட்சி தருகின்றன. உல்லாசப் பிரயாணிகளின் வாகனங்கள் அங்கே நில்லாமற் போவது அரிது. வாகனம் நிற்கும் இடத்தில் வியாபாரம் நிற்கும். ஆதலால் இவ்வழியில் உணவுக்கடைகளுக்குக் குறைவில்லை.

அவற்றை நாம் மூன்று வகையாகக் காண்கிறோம். கண்ணாடிச் சன்னல்களும் மெத்தை நாற்காலிகளும் உடைய தேநீர் மாளிகைகள் முதல் வகை. அங்கே தேயிலை அதன் வகைப் பெயர் சொல்லிப் பரிமாறப்படும். கேக்கு ஒரு துண்டு உடன் வரும். கடைவீதிகளில் உள்ள சாப்பாட்டுக் கடைகள் இரண்டாவது வகை. இடியாப்பமும் பராட்டாவும் வடையும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்க, பஸ் சாரதியும் மரக்கறி வியாபாரியும் நம்மைப் போன்ற ஆசிரியரும் அவசரமாக உண்டு எழும் இடங்கள் அவை. நான்கு கம்பும் ஒரு படங்கும் கொண்டு நிற்பவை மூன்றாவது வகை. அவித்த சோளம், அவித்த கடலை, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய் ஆகியன அங்கே கிடைக்கும். தோட்டத்துப் பாதை நெடுஞ்சாலையில் வந்து சேரும் முடக்குகளில் உள்ள தகரக் கூரைத் தேநீர்க்கடைகளும் இவ்வகையினவே.

இம்மூன்றாவது வகைக் கடைகளே நமக்கு உறவானவை. பாடசாலை முடிந்து வரும் மாலைகளில் நாம் அமரும் கடை ஒன்று உண்டு. ஒரு வாங்கு, ஓர் அடுப்பு, சுவரில் ஒரு முருகன் படம். கோதுமை மாவில் தேங்காய்ப்பூச் சேர்த்துத் தட்டிச் சுட்ட ரொட்டியும், அம்மியில் அரைத்த கட்டைச் சம்பலும், துணிப்பையில் வடித்த சாயத்தண்ணியும் அங்கே கிடைக்கும். கடையை நடத்தும் அக்கா இருபது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். முழங்கால் நோவினால் மலையேற இயலாமற்போகவே அடுப்படியில் அமர்ந்தவர். அவருடைய மூலதனத்தில் பெரும்பகுதி அடுப்புக்கு மேலே தொங்கும் ஒரு கொப்பியிலேயே இருக்கிறது. அதில் கடன் எழுதப்படாத குடும்பம் அந்தத் தோட்டத்தில் சிலவே.

“பத்தாந் திகதி சம்பளம் போட்டாத்தானே சேர் குடுக்க முடியும்? அதுவரைக்கும் எழுத வேண்டியதுதான்” என்றார் ஒருநாள். “எழுதாம விட்டா இன்னைக்கே கடையை மூடணும். எழுதிக்கிட்டே போனாலும் ஒருநாளைக்கு மூடத்தான் வேணும்.”

பொருளாதாரம் கற்றோர் பல பக்கங்களில் விளக்குவதை அவர் ரொட்டியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சொல்லி முடித்தார். வேலை செய்தவர் கையில் காசில்லை. காசில்லாதவரிடம் வியாபாரம் செய்தால் கடைக்காரர் கையிலும் காசில்லை.

உயர்வகுப்பு மாணவரோடு நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு முழுப் பெயருக்கு 18 கிலோ கொழுந்து பறிக்கவேண்டும் என்று கொள்வோம். நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். ஆகவே ஒரு தாய் ஒரு நாளில் பறிப்பது ஏறத்தாழ நான்கு கிலோ தேயிலை. கோப்பைக்கு இரண்டு கிராம் வீதம், அஃது ஏறக்குறைய 2,000 கோப்பைத் தேநீர். 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காகப் பல ஆண்டுகள் போராடி, 2021ஆம் ஆண்டிலேதான் தொழிலாளர் அதைப் பெற்றனர். 2024ஆம் ஆண்டில் அது 1,350 ரூபாவாயிற்று. அந்த ஆண்டிலேயே தேநீர் மாளிகை ஒன்றின் விலைப்பட்டியலை நாம் வாசித்தோம். நால்வர் கொண்ட குடும்பம் தேநீரும் கேக்கும் அருந்தி எழுந்தால் அந்த நாட்சம்பளம் போதாது. கரும்பலகையில் விடை எழுதப்பட்டபோது, தாய்மார் கொழுந்து பறிக்கும் அவ்வகுப்பில் எவரும் பேசவில்லை. பின்வரிசையில் ஒரு மாணவி மட்டும், “அரைப் பெயருக்குக் கணக்கு என்ன சேர்?” என்று கேட்டாள். கொழுந்து குறைந்த மாதங்களில் அரைப் பெயர் என்னும் சொல் ஒரு வீட்டில் என்ன செய்யும் என்பதை அறிந்த பிள்ளையின் கேள்வி அது.

உணவிலும் இவ்வரலாறு படிந்திருக்கிறது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த நம் முன்னோர்க்குத் தோட்டம் அரிசியை அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்தது. உண்பதற்கு முன்னரே கடன்பட்டவராய் அவர்கள் வாழ்ந்தனர். அரிசியின் இடத்தைக் காலப்போக்கில் கோதுமை மா பிடித்தது. விடியலில் பெரட்டுக்குப் போகும் பெண், சுட்ட ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டு போகிறாள். மதியத்தில் அதை மலையிலோ, கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் ஓரத்திலோ நின்றபடி உண்பாள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது அந்த முடிச்சும் சிறுத்தது. சனவரி முதல் மார்ச்சு வரை வீசும் வறண்ட காற்றில் திம்புள்ளத் தேயிலையின் மணம் உச்சம் பெறும். உலகச் சந்தை அதற்குத் தனி மதிப்பளிக்கும். அதைப் பறித்தவள் அருந்துவதோ சலித்து எஞ்சிய தூளின் சாயம்.

இனி, பிரயாணிகள் படம் பிடிக்கும் காட்சியைக் கவனிப்போம். இயற்கை என்று நாம் வியக்கும் இப்பசுமை உழைப்பாலானது. காடழித்துக் கோப்பி நட்டார்கள். 1869ஆம் ஆண்டு முதற் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. 1884ஆம் ஆண்டில் ஹட்டனையும் அடுத்த ஆண்டில் நானுஓயாவையும் இருப்புப்பாதை எட்டியது. ஒவ்வொரு வரிசைத் தேயிலையையும், சாலையின் ஒவ்வொரு வளைவையும் கூலிக்கைகளே ஆக்கின. அருவியும் இன்று மனித ஏற்பாட்டுக்கு உட்பட்டதே. 2012ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய மேல்கொத்மலை மின்திட்டத்தின் அணை தலவாக்கலையில் இருக்கிறது. அதன்பின் சென்கிளேயர் அருவியில் விழும் நீர், அணையிலிருந்து விடப்படும் நீரின் அளவைப் பொறுத்ததாயிற்று.

டெவன் அருவிக்கு எதிரே நின்று சோளம் கடிப்போருள் எத்தனை பேர் 1977ஆம் ஆண்டு மே மாதத்தை அறிவர்? நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைத் தொழிலாளரிடமிருந்து பறித்துப் பிறருக்குப் பகிர்ந்தளிக்க முனைந்தபோது, இப்பகுதித் தொழிலாளர் திரண்டெழுந்து தடுத்தனர். பொலிசார் சுட்டதில் டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணன் என்னும் இளைஞர் உயிர்நீத்தார். பிரயாணியின் கண் இளைப்பாறும் இம்மலைச் சரிவில் தம் மக்கள் தொடர்ந்து வாழ்தற்கு அவர் கொடுத்த விலை அது.

காணியைப் பற்றி நாம் பேசுவது கடையைப் பற்றிப் பேசுவதற்காகவே. நம் பழைய மாணவன் ஒருவன், அருவி தெரியும் ஒரு திருப்பத்தில் தள்ளுவண்டி வைத்துச் சோளம் அவித்து விற்றான். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வாடிக்கையாளரோடு பேசக் கற்றுக்கொண்டான். விடுமுறைக் காலங்களில் அவன் ஈட்டிய பணம் தங்கையின் படிப்புக்கு உதவிற்று. ஒருநாள் வண்டியை அகற்றுமாறு உத்தரவு வந்தது. சாலையோரம் ஒருவருக்குச் சொந்தம். அதற்கு அப்பாலுள்ள நிலம் மற்றொருவருக்குச் சொந்தம். வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டதற்கு இருவரிடமும் விடையில்லை. ஐந்து தலைமுறை அம்மண்ணில் உழைத்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு வண்டிச் சக்கரம் ஊன்றும் இடம் கிடைக்கவில்லை. அவன் கொழும்புக்குப் பஸ் ஏறினான். இப்போது ஓர் உணவகத்தில் கொத்துரொட்டி கொத்துகிறான்.

இவ்வாறு நேர்வதன் காரணத்தைச் சட்டப் புத்தகங்களில் தேடலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நம் மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர்; அரச காணி பெறும் தகுதியும் அதனோடு போயிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நிலம் கைமாறிய ஒவ்வொரு முறையும், அதன்மீது வாழ்ந்தோரை எவரும் பங்காளராய்க் கொள்ளவில்லை. 2015ஆம் ஆண்டுக்குப் பின் 7 பேர்ச்சசு காணியில் வீடு என்னும் திட்டம் வந்தது. அதன் பயனைப் பெற்றோர் சிலர். லயத்துக் காம்பராவில் வாழ்வோர் பலர். உறுதியில்லாத வீட்டின் முன்னே கடை வைக்க எந்த வங்கி கடன் கொடுக்கும்?

கடற்கரையில் வாழ்வோரும் இத்துன்பத்தை அறிவர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என எல்லை வகுத்து, அதற்குள் வீடு கட்டலாகாது என அரசு தடை விதித்தது. மீனவரின் குடிசைக்கு அபாயம் என்று சொல்லப்பட்ட அதே கரையில் உல்லாச விடுதிகளுக்குச் சலுகை கிடைத்தது. அறுகம்பை மீனவர் அதை எதிர்த்துக் குரல் எழுப்பினர். பின்னர் அத்தடை தளர்ந்தது. கடலோடு வாழ்ந்தவன் கரையை இழப்பதும், மலையோடு வாழ்ந்தவன் சரிவை இழப்பதும் ஒரே வழக்கின் இரு வாய்தாக்கள். காட்சி பண்டமாகும்போது, அதனருகே வாழும் ஏழை இடையூறாகக் கருதப்படுகிறான்.

உல்லாசப் பயணத்தை நாம் வெறுக்கவில்லை. பார்க்க வருபவர் வரட்டும், உண்டு மகிழட்டும். அவர் தரும் காசில் ஒரு பங்கு லயத்துக்கும் போய்ச் சேரவேண்டும் என்கிறோம். அருவிகளுக்கு எதிரே வாகனங்கள் தரிக்கும் இடங்களில், தோட்டப் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு உரிமைப் பத்திரத்தோடு கடையிடங்கள் ஒதுக்கலாம். கழிப்பறையும் குழாய்நீரும் அவற்றோடு அமையட்டும். தாம் பறித்த தேயிலையைத் தாமே வடித்து, தம் பெயரிலேயே அவர்கள் விற்கட்டும். மலையில் நின்றுகொண்டு உண்ணும் கொழுந்துப் பெண்ணுக்கு அமர்ந்துண்ண ஒரு கூரை வேண்டும். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக, வாழும் வீட்டுக்கும் அதைச் சுற்றிய நிலத்துக்கும் உறுதி வேண்டும்.

ஆசிரியராகிய நமக்கும் இதில் கடமையுண்டு. வேலைக்கு அமர்த்தும் வயது 16க்குக் குறையலாகாது என்று 2021ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் பத்தாம் வகுப்பின் பின்வாங்கு காலியாகும்போது, அந்தப் பிள்ளை எந்த நகரத்து அடுப்படியில் நிற்கிறான் என்று தேடிப் போக வேண்டியவர் நாமே. மாணவர்களும் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். தத்தம் தோட்டத்துக் கடைக்காரரிடமும் முதியோரிடமும் கேட்டு, அக்கடையின் வரலாற்றை எழுதி வைக்கலாம். யார் தொடங்கினார், எந்த ஆண்டில், யாருடைய நிலத்தில், எத்தனை முறை அகற்றப்பட்டது என்பனவெல்லாம் அதில் இடம்பெறட்டும். காணி கேட்டு நிற்கும் நாளில் அந்த எழுத்தே சாட்சியாகும். கடன்கொப்பி ஒன்றையே வரலாறாகக் கொண்டிருக்கும் ஒரு சமுதாயத்துக்கு இன்னொரு கொப்பியும் வேண்டும்.