முறைக்காய்ச்சல் கண்ட மோட்டார்

சென்னையின் தென்பகுதியைச் சுற்றிப் பார்ப்பதற்குப் பல மார்க்கங்கள் உண்டு. பக்தர்கள் கபாலீசுவரர் கோயிலிலிருந்து புறப்படுவார்கள். புடவை வாங்குவோர் பாண்டி பஜாரிலிருந்து. காற்று வாங்குவோர் எலியட்ஸ் கடற்கரையிலிருந்து. இவை எதிலும் சேராத ஒரு காரியத்துக்காக, சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மூன்றையும் நாம் சுற்றி வந்தோம். நாற்பது வயது கடந்த ஒரு மோட்டாருக்கு என்ன வியாதி என்று கண்டுபிடிப்பதே அந்தக் காரியம்.

மோட்டார் நம்முடையதல்ல, மயிலை மாட வீதியில் வசிக்கும் நண்பருடையது. 1979-ஆம் வருஷம் பதிவானது. அம்பாஸடரா, பியட்டா என்று வாசகர்கள் கேட்கலாம். எதுவானால் என்ன? அந்த வயதில் எல்லா மோட்டார்களின் உடம்பும் ஒன்றுதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி திடீரென்று திக்கும். இரண்டு தரம் குலுங்கும். சில வேளை நின்றே போகும். ஐந்து நிமிஷம் பொறுத்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாதது போல் கிளம்பும். மனிதருக்கு வந்தால் இதை முறைக்காய்ச்சல் என்போம். அதற்காவது ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஒரு முறை உண்டு. இதற்கு அதுவும் இல்லை.

நண்பரின் தாயாருக்கு எண்பத்திரண்டு வயது. வாரம் இருமுறை அடையாற்றுப் பக்கம் வைத்தியத்துக்குப் போகவேண்டும். ஆட்டோவில் குலுங்கிப் போக அந்த அம்மாளால் இயலாது. பழைய மோட்டாரின் அகன்ற பின் ஆசனத்தில் படுத்துக்கொண்டு போய்வருவது வழக்கம். அந்த அம்மாளை வைத்துக்கொண்டே வண்டி இரண்டு தடவை நடுப் பாலத்தில் நின்றுவிட்டது. அதற்குள் நண்பர் புது பேட்டரி வாங்கியிருந்தார், காயிலை மாற்றியிருந்தார், கண்டென்ஸரையும் மாற்றியிருந்தார். வியாதி மட்டும் மாறவில்லை. "புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டுவிடப் போகிறேன்" என்று மனம் வெறுத்துச் சொன்னார்.

அதற்கு முன் ஒரு தடவை காட்டிவிடலாமே என்று இராயப்பேட்டைச் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருக்கும் கிழ மேஸ்திரியிடம் போனோம். அவர் முன்னிலையில் வண்டி ஒரு மணி நேரம் சிறு பிசகும் இல்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. வீட்டில் குறும்பு செய்யும் பையன் வாத்தியாரைக் கண்டதும் கைகட்டி நிற்பதை நாம் தினம் பார்க்கிறவர்களாதலால் ஆச்சரியப்படவில்லை.

மேஸ்திரியும் ஆச்சரியப்படவில்லை. "ஸார், இங்கே நிறுத்திப் பார்த்தால் எதுவும் தெரியாது. அது நிற்கிற இடத்துக்கு நாம்தான் போகவேண்டும்" என்றார். பிறகு, "நிற்கும்போது ஹாரன் அடிக்கிறதா? விளக்கு எரிகிறதா?" என்று கேட்டார். இரண்டும் உண்டு என்றார் நண்பர். அந்தப் பதிலிலேயே பாதி வழக்கு தீர்ந்துவிட்டது. ஹாரனும் விளக்கும் சேர்ந்து அணைந்தால் குற்றம் பேட்டரியிலோ, அதன் முனைகளிலோ, எல்லாவற்றுக்கும் பொதுவான கம்பியிலோ இருக்கும். எஞ்சின் மட்டும் அணைந்தால் தீப்பொறிக்கான பாதையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

காயிலுக்கு இரண்டு சிறு முனைகள் உண்டு. ஒன்றில் சாவி வழியாக மின்சாரம் வருகிறது. மற்றொன்றிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டுக்குப் போகிறது. பாயிண்ட் மூடித் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பொறி பிறக்கிறது. மேஸ்திரி இரண்டு முனைகளிலிருந்தும் நீண்ட கம்பி இழுத்து, சிறு பல்பு ஒவ்வொன்றைக் கட்டி, நம் கண்ணெதிரே தொங்கவிட்டார். நம் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, இடம், நேரம், வேகம், பல்புகளின் நிலை ஆகியவற்றைக் குறிக்கச் சொன்னார். யாத்திரை தொடங்கிற்று.

முதலில் மயிலாப்பூர். சாந்தோம் கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் இது. உப்புக் காற்று ஜன்னல் கம்பியை அரிப்பது போலவே மோட்டாரின் பித்தளை முனைகளையும் அரித்துப் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். எஞ்சின் ரப்பர் மெத்தைகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் வண்டியின் உடம்பையும் இணைக்க ஒரு பின்னல் பட்டை உண்டு. அது களிம்பேறினால் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் திண்டாடும். மேஸ்திரி எல்லாவற்றையும் சுரண்டித் துடைத்து இறுக்கினார். நாலு மாட வீதிகளையும் பள்ளம் மேடு பாராமல் இரண்டு சுற்றுச் சுற்றினோம். வண்டி ஒரு தடவைகூடத் திக்கவில்லை. 'குலுக்கலால் வருவதல்ல' என்று எழுதிக்கொண்டோம்.

அடுத்து தியாகராய நகர். நீண்ட ஏரி ஒன்று இருந்த இடத்தில் 1920-களில் உண்டாக்கிய நகர் அது. இன்று அங்கே தண்ணீருக்குப் பதில் ஜனங்கள் நிரம்பியிருக்கிறார்கள். பனகல் பூங்காவைச் சுற்றி அரை மைல் போக முக்கால் மணி நேரம் பிடித்தது. எஞ்சின் கொதித்தது, நாமும் கொதித்தோம். சூடேறினால் காயில் சோர்ந்து போவதுண்டு, கண்டென்ஸர் கைவிடுவதுண்டு, பெட்ரோலே குழாயில் ஆவியாகி, மின்சாரக் கோளாறு போல வேஷம் போடுவதும் உண்டு. ஆகவே, 'இங்கேதான் நிற்கும்' என்று நண்பர் பந்தயமே கட்டினார். வண்டியோ சாதுப் பசுவைப் போல் நகர்ந்தது. 'சூட்டால் வருவதல்ல' என்று எழுதினோம்.

நந்தனம், கோட்டூர்புரம் வழியாகக் காந்தி மண்டபத்தருகே சர்தார் படேல் சாலையை அடைந்தோம். ஒரு பக்கம் கிண்டி வனத்தின் மரங்கள், மெல்லிய காற்று, ஞாயிற்றுக்கிழமையாதலால் கூட்டம் குறைவு. வண்டி மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போயிற்று. 'இந்தச் சாலையில் என்ன வந்துவிடப் போகிறது?' என்று நினைத்தோம். அப்போதுதான் திக்கிற்று!

நோட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டுப் பல்புகளைப் பார்த்தோம். முதல் பல்பு மாறாமல் எரிந்தது. அதாவது காயிலுக்கு மின்சாரம் வருகிறது. இரண்டாவது பல்பு அதுவரை பாயிண்டின் வேகத்துக்கேற்ப மங்கலாய் நடுங்கிக்கொண்டிருந்தது. இப்போது பளிச்சென்று நிலைத்து எரிந்தது. பாயிண்டுக்குப் போகவேண்டிய மின்சாரத்துக்கு அங்கே வழி அறுந்துவிட்டது என்று அர்த்தம். வழி அடைபடாமல் தரையோடு ஒட்டியிருந்தால் அந்தப் பல்பு அணைந்தே போயிருக்கும்.

மர நிழலில் நிறுத்தினோம். எஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டிருக்க, மேஸ்திரி டிஸ்டிரிபியூட்டரின் பக்கத்தில் இருந்த மெல்லிய குழாயைக் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சினார். எஞ்சின் உடனே நின்றது! மறுபடி கிளப்பினார், மறுபடி உறிஞ்சினார், மறுபடி நின்றது. கூப்பிட்டபோதெல்லாம் வராத வியாதி இப்போது அவர் மூச்சுக்குக் கட்டுப்பட்டுவிட்டது.

ரகசியம் இதுதான். சீரான வேகத்தில் போகும்போது எஞ்சினின் இழுப்பு அந்தக் குழாய் வழியாக, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைச் சற்றுத் திருப்புகிறது. பொறி கொஞ்சம் முன்னதாகப் பிறப்பதற்காக அந்த ஏற்பாடு. தட்டோடு சேர்ந்து ஒரு சிறு கம்பியும் ஒவ்வொரு தடவையும் வளைகிறது. நாற்பது வருஷம் வளைந்த கம்பி மேலுறை கெடாமலே உள்ளே இற்றுப் போயிருந்தது. தட்டு திரும்பினால் முனைகள் பிரியும். திரும்பி வந்தால் சேரும். நெரிசலில் ஊர்கையில் தட்டு அவ்வளவாகத் திரும்பாது. பட்டறையில் நிற்கையில் திரும்பவே திரும்பாது. நல்ல சாலையிலும் பாலத்திலும் மட்டும் வண்டி நின்ற காரணம் விளங்கிற்று.

மேஸ்திரி பையிலிருந்து, மயிரிழைகள் பல சேர்ந்த துவளும் கம்பியில் விரல் நீளம் வெட்டிப் பற்ற வைத்தார். விறைத்த கம்பியானால் சீக்கிரமே மறுபடி ஒடியுமாம். "ஆயிற்றா?" என்றார் நண்பர். "இல்லை, ஸார். வந்த இடத்திலேயே வராமல் இருக்கிறதா என்று பார்க்காமல் எப்படிச் சொல்வது?" என்று அதே சாலையில் அதே வேகத்தில் மூன்று தடவை ஓட்டச் சொன்னார். பிறகு, 1882 முதல் அடையாற்றில் இருக்கும் பிரம்மஞான சபையின் மரங்களைக் கடந்து, திரு.வி.க. பாலம் ஏறி, சாந்தோம் வந்தோம். கடைசி வரையில் இரண்டாவது பல்பு நடுங்கிக்கொண்டேயிருந்தது.

கம்பியின் விலை ஒரு கோப்பைக் காப்பிக்குக் காணாது. அதற்கு முன் வாங்கிய பேட்டரி, காயில், கண்டென்ஸரின் விலையை நண்பர் நம்மிடம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. 'எந்தச் சாமானை மாற்றலாம்?' என்பது முதல் கேள்வியாக இருந்தவரை பணம் போயிற்று. 'எங்கே, எப்போது வருகிறது? எங்கே வரவில்லை?' என்று கேட்டபோது, ஊரே பதில் சொல்லிற்று. பழைய வண்டி வைத்திருப்போர் ஒரு நோட்டுப் புத்தகமும் சிறு பல்பும் வைத்துக்கொள்வது நல்லது.

பதினைந்து வருஷம் கடந்த சொந்த மோட்டார்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நண்பர் போன வாரம் அதற்கான மனுவைக் கொடுத்துவிட்டார். அவருடைய தாயார் இப்போது பாலத்தைத் தாண்டும்போது ஸ்லோகம் சொல்வதை நிறுத்திவிட்டு, எழுந்து உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கிறாராம்.